சூது அதிகாரமும் சிறு பணயமும்

திருக்குறளில் தொண்ணூற்று நான்காம் அதிகாரமாக அமைந்திருப்பது சூது. அதற்கு முன்னே வரைவின் மகளிரும் கள்ளுண்ணாமையும், பின்னே மருந்தும் நிற்கின்றன. பொருளையும் உடலையும் ஒருங்கே அரிக்கும் பழக்கங்களைச் சொல்லி முடித்த பின்னரே வள்ளுவர் நோய்க்கு மருந்து சொல்லப் புகுகின்றார். இவ்வைப்புமுறையின் நுட்பத்தை உரையாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் வகுப்பறையில் இவ்வதிகாரம் நடத்தப்படும் முறையில் ஒரு குறை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. குறளைச் சொல்லிப் பதவுரை கூறியதும், எடுத்துக்காட்டு வேண்டும் என்னும் நினைவில், ஆசிரியர் தருமனிடமோ நளனிடமோ ஓடிவிடுகின்றார். நாடிழந்த கதையும் மனைவியைப் பணயம் வைத்த கதையும் மாணவர் உள்ளத்தைக் கவ்விக் கொள்கின்றன. மணியடித்து வகுப்புக் கலையும்போது அவர்கள் நினைவில் நிற்பது துரியோதனன் அவைக்களமேயன்றிக் குறள் அன்று.

இதனால் என்ன கேடு என்று வினவலாம். மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தில், லேடாங் மலை தொலைவில் தெரியும் சிற்றூர் நியாலாஸ். பால்மரக் காடுகள் வீழ்ந்து செம்பனை எழுந்த வட்டாரம் அது. தோட்டத்து லயன்களில் பிறந்தவர் பலர் இன்று ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைகளில் மாதச் சம்பளத்துக்கு உழைக்கின்றனர். இத்தகைய ஊரின் பிள்ளை ஒருவன் இப்பாடத்தைக் கேட்பதாக வைத்துக்கொள்க. அவன் தந்தைக்கு நாடில்லை, அவை இல்லை, சகுனியும் இல்லை. மாதத்தில் ஒன்றிரண்டு சனிக்கிழமைகளில் நண்பர் நால்வரோடு வேனில் ஏறிக் கெந்திங் மலைக்குப் போய், இருநூறு வெள்ளி சில்லு மாற்றிச் சீட்டாடிவிட்டு, ஞாயிறு மாலை திரும்புகின்ற மனிதர் அவர். ஒரு நாள் வென்றால் பிள்ளைக்குக் காலணி வரும். மறுமுறை தோற்றால் வீட்டில் பேச்சிராது. தருமன் கதையைக் கேட்ட அப்பிள்ளை, 'என் தந்தை இப்படிப்பட்டவர் அல்லர்' என்று நினைப்பான். அவன் நினைப்பது முழு உண்மை. பாடம் அவனைத் தொடாமலே அவன் தலைக்கு மேலே பறந்து போய்விடுகின்றது.

பெரும் பணயத்தின் கதை சிறு பணயக்காரனுக்கு விடுதலைச் சீட்டு ஆகிவிடுகின்றது என்பதே இங்குக் கருதத்தக்க செய்தி. இதற்குக் காப்பியங்கள் பொறுப்பாகா. அவற்றைக் குறளுக்கு உரையாக்கிய பழக்கமே பொறுப்பு. குறளின் சூது வேறு, காப்பியத்தின் சூது வேறு.

முதலிற் காப்பியத்தை நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். வில்லிபுத்தூரார் சூதுபோர்ச் சருக்கத்தைப் போர் என்றே பெயரிட்டு அமைத்தார். அங்கே நிகழ்வது ஒரு நாட் போர். களம் ஒன்று, பகைவன் ஒருவன், கவறு வஞ்சகமானது. தருமன் தோற்பது ஆட்டத்தில் மட்டுமன்று, அரசியற் சூழ்ச்சியிலுமாம். அழைத்தவன் அரசன், அழைப்பை மறுத்தல் அரசர்க்கு இழுக்கு என்று அவன் கருதினான். பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் இப்பகுதியைத் தம் காலத்துக்கு உரியதாக மாற்றினார். அந்நூலின் முதற்பாகம் 1912 இல் வெளிவந்தது; முழுநூல் அவர் மறைவுக்குப் பின் 1924 இல் வந்தது. நாட்டை வைத்தாடிய இடத்தில் பாரதியாரின் சினம் சூதின் மேல் பாய்வதைவிட, காக்க வேண்டியதைத் தன் உடைமையாக எண்ணிப் பணயம் வைத்த மன்னன் மேலேயே பாய்கின்றது. கோயிலைக் காப்பவனுக்குச் சிலை சொந்தமன்று, வாயிலைக் காப்பவனுக்கு வீடு சொந்தமன்று என்னும் கருத்துப்பட அவர் உவமை அமைத்துள்ளார். அடிமைப்பட்ட நாட்டின் கவிஞர்க்கு அந்நோக்கு இயல்பே. ஆனால் அது அரசியல் அறம். சூதின் உளவியல் அன்று.

நளன் கதை இன்னும் நுட்பமானது. பின்னர் அதற்கு மீள வேண்டும்.

குறளுக்கு வருவோம். பத்துக் குறளையும் ஒருசேர வைத்துப் படிப்பவர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். நாடு, அவை, மனைவி, வஞ்சகன் என்னும் நான்கில் ஒன்றுகூட அங்கில்லை. பொய்க்கவறு பற்றிய பேச்சும் இல்லை. ஆட்டம் நேர்மையாகவே நடைபெறுகின்றது என்று கொண்டுதான் வள்ளுவர் பேசுகின்றார். எதிரி யார் என்பதும் அவர்க்குப் பொருட்டன்று. ஆடுபவன் ஒருவனை மட்டும் தனியே நிறுத்தி, அவனுக்கு நாளடைவில் நேர்வனவற்றைச் சொல்லுகின்றார். 'நாளடைவில்' என்பது இங்குத் திறவுகோல். 933 ஆம் குறளில் 'ஓவாது' என்றொரு சொல் வருகின்றது. இடைவிடாது என்பது அதன் பொருள். 937 இல் 'காலை' என்பது வருகின்றது. காலம் எனப் பரிமேலழகர் பொருள் கொண்டார். அறம் பொருள் இன்பங்களுக்கு உரிய காலம் சூதாடு களத்திற் கழியுமாயின் என்பது அவர் காட்டும் நெறி. 940 இல் 'இழத்தொறூஉம்' என்பது வருகின்றது. இழக்கும் போதெல்லாம் என்க. மூன்றும் காலங் குறித்த சொற்கள். காப்பியச் சூது ஒரு நாளில் முடிவது, குறட்சூது முடியாதது. முன்னது இடி போன்றது. பின்னது கரையான் போன்றது.

'காலை' என்பதைக் காலைப்பொழுது என்று கொண்டு, விடியற்காலத்திலேயே சூதாட்டத்துக்குப் புகுபவன் என்று பொருளுரைக்கும் மாணவரும் உளர். அது பிழையே எனினும் பயன் தரும் பிழை. இன்றைய கூடங்களிற் காலைப்பொழுது என்ற ஒன்று இருப்பதே தெரியாது. சாளரம் இல்லை, கடிகாரம் கண்ணிற் படாது, விளக்கு ஒரே ஒளியில் இரவும் பகலும் எரியும். 'கழகம்' என்னும் சொல்லும் மாணவரைச் சிரிக்க வைக்கும். தமிழர் தம் மன்றங்களுக்கும் கட்சிகளுக்கும் ஆர்வத்தோடு சூட்டிக்கொண்ட இப்பெயரை வள்ளுவர் சூதாடும் இடத்துக்கு ஆண்டிருக்கின்றார். சிரித்து முடித்தபின், சொற்பொருள் காலத்தால் மாறுவதை விளக்க அதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இனி இன்றைய கழகம் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். அறியாமல் குறளை விளக்குதல் கடலைப் பார்க்காதவன் நெய்தற்றிணை நடத்துவது போலாகும்.

கெந்திங் மலை பகாங்கும் சிலாங்கூரும் கூடும் எல்லையில், ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் உள்ளது. கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலையில் ஈடுபட்டிருந்த ஒப்பந்தக்காரர் லிம் கோ தோங், கோலாலம்பூர்க்கு அருகே ஒரு குளிர்மலை வாசத்தலம் வேண்டும் என்று எண்ணித் தொடங்கிய முயற்சி அது. 1965 இல் நிறுவனம் அமைந்தது. 1969 மார்ச்சில் அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டில் சூதாட்ட உரிமம் கிடைத்தது. 1971 இல் தங்குவிடுதியும் கூடமும் திறக்கப்பட்டன. நாட்டில் சட்டப்படி இயங்கும் சூதாட்டக்கூடம் அது ஒன்றே. முசுலிம்கள் அதனுட் புகுதல் கூடாது. இருபத்தொரு வயது நிரம்பாதவரும் புகுதல் கூடாது. அக்கூடத்துக்கு வெளியே, பொதுச் சூதாட்ட இல்லங்களைத் தடை செய்யும் 1953 ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 2010 இல் இரண்டு கூடங்கள் எழுந்தன. அங்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழையவே ஒரு நாளுக்கு நூறு வெள்ளி கட்ட வேண்டும் என அரசு விதித்தது. 2019 இல் அது நூற்றைம்பது ஆயிற்று. அயல்நாட்டார்க்கு இக்கட்டணம் இல்லை. தன் குடிமகனைத் தடுக்கும் வேலி அண்டை நாட்டானுக்குத் திறந்த வாயிலாக நிற்கும் இவ்விதியை நியாலாஸ் வட்டாரத்தாரும் அறிவர்.

இக்கூடங்களில் ஆடப்பெறும் ஆட்டங்கள் இருவகைப்படும். முதல்வகையில் ஆடுபவன் கூடத்தை எதிர்த்து ஆடுகின்றான். சுழல்வட்டு ஆட்டத்தில் ஒரு சுழி உள்ள வட்டாயின், வைக்கும் நூறு வெள்ளியில் சராசரியாக 2 வெள்ளி 70 காசு கூடத்துக்குப் போகும். இருசுழி வட்டாயின் 5 வெள்ளி 26 காசு போகும். இது கணக்கின் விதி. இதில் ஏமாற்று இல்லை. இரண்டாம் வகையைச் சேர்ந்தது போக்கர். உலகில் எங்கு ஆடப்பட்டாலும் அதன் இயல்பு ஒன்றே. ஒன்பது பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுகின்றனர். இப்போது பெருவழக்காயுள்ள முறையில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். மேசை நடுவில் ஐந்து சீட்டு எல்லார்க்கும் பொதுவாக விரிக்கப்படும். சீட்டு வரவர ஒவ்வொருவரும் பணயம் கூட்டலாம், ஒப்பலாம், அல்லது சீட்டை மடக்கி ஒதுங்கலாம். இறுதிவரை நின்றவருள் உயர்ந்த சீட்டுடையவர் நடுவிற் குவிந்ததை எடுத்துக்கொள்வார். மற்றெல்லாரும் ஒதுங்கிவிட்டால், கையில் ஒன்றும் இல்லாதவனும் எடுத்துக்கொள்வான். ஆதலின் இவ்வாட்டத்தில் கணக்கும் முகக்குறிப்பறிதலும் பொய்த்தோற்றமும் கலந்துள்ளன. குறிப்பறிதல் என்னும் அதிகாரத்தை இரு பாலிலும் வைத்த புலவர் இம்மேசையருகே சிறிது நேரம் நின்று பார்த்திருப்பார் எனலாம்.

கூடத்தை எதிர்த்து ஆடாமையால் இது சூதே அன்று, திறமையாட்டம் என்பது போக்கர் ஆடுவோர் கூறும் வழக்கமான விடை. இவ்விடையை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. நீதிமன்றங்களும் இவ்வேறுபாட்டை ஏற்றுள்ளன. ரம்மி ஆட்டம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967 இலேயே கூறியது. தமிழ்நாட்டு அரசு இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியபோது, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பாட்டம் எனப் பட்டியலிட்ட பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. பின்னர் 2025 இல் இந்திய நடுவண் அரசு, திறமையா வாய்ப்பா என்னும் வினாவையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தின் வினா அதுவாக இருக்கலாம். இலக்கியத்தின் வினா வேறு.

அவ்வினாவுக்கு விடை காணுமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். போக்கர் மேசையில் கூடம் ஆடுவதில்லை. ஆனால் நடுவிற் குவியும் பணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றது. சிறு பணய மேசையில் பத்துப் பேர் ஆளுக்கு நூறு வெள்ளியோடு அமர்வதாகக் கொள்க. மேசையில் ஆயிரம் வெள்ளி உள்ளது. ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து சுற்று நடக்கின்றது; சுற்றுக்குச் சராசரி நாற்பது வெள்ளி குவிகின்றது; நூற்றுக்கு ஐந்து வீதம் இரண்டு வெள்ளி கூடத்துக்குச் சேர்கின்றது எனக் கொள்க. மணிக்கு ஐம்பது வெள்ளி. இரவு எட்டு மணிக்கு அமர்ந்து விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் நானூறு வெள்ளி. பத்துப் பேரும் சமதிறமை உடையவர்களாயினும், ஒருவரும் ஒருவரை ஏமாற்றாவிடினும், ஆயிரம் அறுநூறாகிவிடும். இரண்டாம் இரவும் அவ்வாறே ஆடினால் எஞ்சுவது இருநூறு. மேசை தொடர்ந்து நடைபெற வேண்டுமாயின், வீட்டிலிருந்து புதுப்பணம் வந்துகொண்டே இருத்தல் வேண்டும். ஒன்றைப் பெற்று நூற்றை இழப்போர் என்று 932 ஆம் குறளில் வள்ளுவர் கூறியதைக் கவிஞர் கூற்றாகிய மிகை என்று கருதியவர் இக்கணக்கை ஒருமுறை கரும்பலகையில் எழுதிப் பார்ப்பாராக. சிறு பணயத்தில் இப்பங்கு மெலிதாவதில்லை. பெருமேசைகளிற் பங்குக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது வழக்கமாதலால், சிறு மேசையில்தான் அது வீதத்திற் கனமாக விழுகின்றது. குறைவாக வைத்தால் குறைவாகவே போகும் என்னும் நம்பிக்கை தொகையளவில் மெய்; விழுக்காட்டளவிற் பொய்.

கூடத்தின் இப்பங்கு புதுமையன்று. கௌடலியரின் அர்த்தசாத்திரம் சூதுக்கென ஓர் அதிகாரியை வைக்கச் சொல்லி, வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்தை அவர் எடுத்துக்கொள்ளலாம் என விதித்தது. கவறு வாடகையும், தண்ணீர்க்கும் இடத்துக்கும் கட்டணமும் வேறு. சூதாட்டத்தை ஓரிடத்திற் கூட்டினால் மறைந்து திரியும் கள்வரை அறியலாம் என்பது அந்நூலின் மற்றொரு நோக்கம். மலாயாவிலும் ஆங்கிலேயர் ஆட்சியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஈயச் சுரங்க நிலங்களில் சூதாட்டம் வரிக்குத்தகைக்கு விடப்பட்டது. கூலியாள் சுரங்கத்தில் ஈட்டியதன் ஒரு பகுதி குத்தகைக்காரன் வழியாக அரசுக்கே திரும்பிற்று. அர்த்தசாத்திரம் வருவாயைக் கண்டது. வள்ளுவர் ஆடுபவனைக் கண்டார். அரசர்க்குப் பொருள் ஈட்டும் வழிகளைப் பொருள்செயல்வகையிற் கூறிய அவர், சூதின் வழி வரும் வரியைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமை நோக்கத்தக்கது.

இங்கே தோட்டத்துச் சீட்டாட்டத்தையும் ஒப்பிடுதல் தகும். தீபாவளி இரவிலும், இழவு வீட்டில் விழித்திருக்கும் இரவிலும், லயத்து வாயிலில் பாய் விரித்து ஐந்து காசு பத்துக் காசு வைத்து ஆடியது பழைய வழக்கம். சட்டப்படி அது குற்றமாகலாம். ஒழுக்கத்தின்படி புகழத்தக்கதும் அன்று. ஆனால் அங்குப் பங்கெடுக்க மூன்றாமவன் இல்லை. இன்று இராமன் இழந்தது நாளை இராமனுக்கே வரலாம். வராவிட்டாலும் அடுத்த வீட்டு அடுப்பில் அரிசியாகும். லயத்துப் பணம் லயத்திலேயே சுற்றியது. மலைமேற் போன பணம் கீழே இறங்குவதில்லை.

திறமை என்னும் விடைக்கு இப்போது மீளலாம். நளன் கதையில் இதற்கு ஒரு பழைய முன்னோட்டம் உண்டு. புகழேந்தியார் வெண்பாவிலும் பாரதத்திலும் நளன் இருமுறை ஆடுகின்றான். முதன்முறை கலியால் பற்றப்பட்டுப் புட்கரனிடம் எல்லாம் இழக்கின்றான். தமயந்தியை வைத்தாடும்படி புட்கரன் கேட்குமிடத்தில் மட்டும் ஆட்டத்தை நிறுத்தி எழுந்துவிடுகின்றான். தருமனைவிட நளன் உயர்ந்து நிற்கும் இடம் அது. பின்னர் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகச் செல்லும் வழியில், தான்றிமரத்துக் காய்களை எண்ணாமலே கணித்துச் சொல்லும் வித்தையை அம்மன்னனிடம் கற்று, மாற்றாகத் தன் குதிரைவித்தையைக் கற்பிக்கின்றான். கவறாடுதலும் எண்ணிக் கணித்தலும் ஒரே கலையின் இரு கிளைகள் என்று அக்கதை கருதுகின்றது. வாய்ப்பைக் கணக்கிடும் அறிவின் பழைய சுவடு ஒன்றை மேனாட்டு அறிஞரும் இங்கே கண்டு வியந்துள்ளனர். கணக்கறிந்த நளன் இரண்டாம் முறை ஆடி அனைத்தையும் மீட்கின்றான்.

போக்கர் ஆடுவோர் ஒவ்வொருவரும் தம்மை இரண்டாம் நளனாகவே எண்ணிக்கொள்கின்றனர். ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 1326 என்பதும், இரண்டும் ஏஸாக வருவது 221 சுற்றுக்கு ஒருமுறை என்பதும் அவர்க்கு மனப்பாடம். தான்றிக்காய் எண்ணும் வித்தை இன்று அச்சிட்ட புத்தகங்களில் விற்கப்படுகின்றது. அவ்வித்தை பொய்யன்று. ஆயினும் அது தன்னைக் காட்டிக்கொள்ளப் பல்லாயிரம் சுற்றுகள் வேண்டும். ஓரிரு இரவில் வாய்ப்பே அரசோச்சும். மணிக்கு இருபத்தைந்து வீதம் இரண்டு இரவில் பதினாறு மணி நேரம் ஆடுபவன் நானூறு சுற்றே காண்பான். அந்த இரட்டை ஏஸ் அவனுக்குச் சராசரியாக இரண்டு முறைகூட வாராது. வார இறுதிக்கு வருபவனுக்குத் திறமை வெளிப்படப் போதிய காலம் இல்லை. கூடம் தன் பங்கை எடுக்கவோ வேண்டிய காலம் உண்டு. திறமையை மெய்ப்பிக்க விரும்பினால் அவன் அடுத்த வாரமும் வர வேண்டும், அதற்கடுத்த வாரமும் வர வேண்டும். திறமையென்னும் அந்த நம்பிக்கையே 'ஓவாது' என்பதற்கு அவனை ஆளாக்குகின்றது. வெறும் வாய்ப்பாட்டக்காரன் ஒருநாள் சலித்து விலகக்கூடும்; திறமைக்காரன் விலகுவதற்குக் காரணம் காண மாட்டான். தோற்றது சீட்டின் பிழை, வென்றது தன் அறிவு என்பது அவன் கணக்கு. வெற்றியையே தூண்டிலில் உள்ள இரையாக 931 இல் வள்ளுவர் வைத்ததன் கூர்மை இங்கே வெளிப்படும். தோல்வி ஒருவனைத் துரத்திவிடலாம். வெற்றி கொக்கியோடு உள்ளே இறங்குகின்றது.

பணயம் சிறிதாயின் உணர்ச்சியும் சிறிதாகவே இருக்கும் என்பது மற்றொரு மயக்கம். புறநானூற்று நாற்பத்து மூன்றாம் பாட்டின் பின்னணியை இங்கு நினைத்தல் வேண்டும். சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் தாமப்பல் கண்ணனாரும் வட்டாடினர். புலவர் காயைக் கையில் மறைத்தார். வெகுண்ட மாவளத்தான் அவ்வட்டையே எடுத்துப் புலவர் மேல் எறிந்தான். 'நீ சோழன் மகன் அல்லை' என்னும் கருத்தில் புலவர் கூற, அவன் நாணி இருந்தான். அங்கே நாடு பணயமாக வைக்கப்பட்டதாகச் செய்தி இல்லை. நட்புக்காக ஆடிய பொழுதுபோக்கு. பாரதத்து விராட நாட்டிலும் இதே காட்சி உண்டு. கங்கன் என்னும் பெயரில் மறைந்து வாழ்ந்த தருமன் விராடனுக்குச் சூதுத் துணைவனாய் இருந்தான். பட்ட பின்னும் அவன் தேர்ந்த வேடம் அதுவே என்பதை மாணவர்க்குச் சொல்வோர் குறைவு. மகன் வெற்றியைப் புகழ்ந்த விராடன், கங்கன் பேச்சு பிடிக்காமல் கவற்றை அவன் முகத்தில் எறிந்தான், குருதி வழிந்தது. இரு நிகழ்ச்சியிலும் எறியப்பட்டது பணயமன்று, காய். வகுப்பறைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், சூதுபோர்ச் சருக்கத்தைவிட இச்சிறு நிகழ்ச்சிகள் இரண்டும் சிறு பணயக்காரனுக்கு நெருக்கமானவை. மாவளத்தான் நாணினான் என்பது அப்பாட்டின் சிறப்பு. நாணுதற்கு எதிரே ஒரு நண்பன் இருந்தான். முன்பின் அறியாத ஒன்பது பேர் நடுவே அமர்ந்தவனுக்கு அந்நாணமும் எளிதில் வாராது.

938 ஆம் குறளில் பொய் வருகின்றது. போக்கர் மேசையிற் பொய்த்தோற்றம் காட்டுதல் ஆட்டத்தின் விதிக்குட்பட்டது. அதனைக் குற்றமாக்குதல் சதுரங்கத்திற் குதிரை வளைந்து போவதைக் குற்றமாக்குவது போன்றது. வள்ளுவர் சுட்டும் பொய் மேசையில் நிகழ்வதன்று; மலையிறங்கி வீடு வந்த பின் நிகழ்வது. 'மிகைநேர வேலை இருந்தது' என்பதும், 'கூட்டுப்பணம் அடுத்த மாதம் கட்டலாம்' என்பதும், 'வென்ற கணக்குத்தான்' என்பதும் அவ்வகை. பொருளைக் கெடுத்து, பொய்யை மேற்கொள்ளச் செய்து, அருளைக் கெடுத்து என்று அக்குறள் செல்லும் வரிசையை நோக்குக. பொய்யிலிருந்து அருட்கேட்டுக்கு ஓரடிதான். பிள்ளை புத்தகத்துக்குப் பணம் கேட்கும்போது தந்தை சினப்பது அவன் மேல் உள்ள வெறுப்பால் அன்று. சொன்ன பொய்யைக் காக்கும் அச்சத்தால்.

ஆண்டுக்கு ஒருமுறை குளிர்மலை காணப் போய், திரைப்படத்துக்கு வைப்பது போல் ஒரு தொகையை ஒதுக்கி, அது தீர்ந்ததும் எழுந்து வருபவனை வள்ளுவரின் சூதன் என்று கூற முடியுமா என்னும் ஐயமும் எழும். கூறுதல் அரிது. முதற் குறள் வெற்றியைக்கூட விரும்ப வேண்டா என்று தொடங்குவதால் அவனுக்கும் எச்சரிக்கை உண்டு. ஆயினும் அதிகாரத்தின் பெரும்பகுதி காலத்தால் கட்டுண்டவனைப் பற்றியதே. இவ்விருவரையும் வேறுபடுத்தாமல் எல்லாரையும் ஒரே கோலால் அடிக்கும் ஆசிரியரை மாணவர் நம்புவதில்லை. தந்தையை அவர்கள் ஆசிரியரைவிட நன்கறிவர்.

உருசிய நாட்டுத் தாஸ்தயெவ்ஸ்கி 1866 இல் சூதாடியைப் பற்றி ஒரு குறுநாவல் படைத்தார். தாமே சூதால் கடன்பட்டு, பதிப்பாளர்க்குக் கொடுத்த கெடுவுக்குள் முடிக்க, ஏறத்தாழ இருபத்தாறு நாட்களில் சொல்லச் சொல்ல எழுதுவித்த நூல் அது. அதன் தலைவன் அரசனல்லன். ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வீட்டாசிரியன். ஆட்டத்தை விடுவதை அவன் எப்போதும் மறுநாளுக்கு ஒத்திவைக்கின்றான். இழக்குந்தோறும் சூதின் மேல் காதல் பெருகும் என்று குறளின் இறுதிப்பாட்டு உயிர்மேல் உள்ள காதலுக்கே உவமையாக்கிச் சொன்னதை அந்நாவல் ஒரு முழு மனிதனாக வரைந்து காட்டுகின்றது. இத்தகைய சிறு மனிதனை மலேசியத் தமிழ்ச் சிறுகதை இன்னும் விரிவாக எழுதுதல் வேண்டும். கள்ளுக்கடையை எழுதிய கைகள், சம்பள நாளை எழுதிய கைகள், வெள்ளிக்கிழமை இரவு வேனில் ஏறுபவனையும் எழுதலாம். அவனை வில்லனாக்கினால் கதை கெடும். மலையேறும் வழியில் அவன் நன்றாகப் பாடுவான்; நண்பனுக்குச் சாப்பாடு வாங்கித் தருவான்; குளிர் தாங்காதவனுக்குத் தன் சட்டையைக் கழற்றித் தருவான். அவனுக்குள்ள இந்நல்ல பண்புகளோடு சேர்த்துத்தான் 937 ஆம் குறள் பண்பு கெடும் என்கின்றது. கெடுவதற்கு முதலிற் பண்பு இருத்தல் வேண்டுமன்றோ. 'பழகிய செல்வம்' என்று அக்குறள் கூறுவதற்கு, முன்னோர் தொடங்கி வந்த செல்வம் எனப் பொருள் கூறுவர். நியாலாஸ் வட்டாரத்து வீட்டில் அத்தகைய செல்வம் பால்வாளி சுமந்த பாட்டி விட்டுச்சென்ற ஒரு சங்கிலியாக இருக்கலாம். சேமநிதியில் எடுத்த பணத்தில் கட்டிய இரண்டறை வீடாக இருக்கலாம்.

நளன் கதையின் இறுதிப் பகுதியைப் பாடம் நடத்துமிடத்து மாணவர் கேட்கும் வினா ஒன்றுண்டு. எண்ணும் வித்தையைக் கற்றுவிட்ட நளன், நாட்டை மீட்டதோடு ஏன் நிறுத்தினான்? இன்னும் ஆடி அண்டை நாடுகளையும் வென்றிருக்கலாமே? கதை இதற்கு விடை கூறுவதில்லை. கவறு பற்றிய பேச்சு அங்கேயே அற்றுப்போகின்றது. கலி நீங்கிற்று என்று மட்டும் அக்காண்டத்துக்குப் பெயர்.